ஊற்றாத எண்ணெய்

மீசைக்கு டை தடவியாகிவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்பது சுகுமார் சலூனின் சட்டம். திறந்தால் கறுப்பு உதட்டில் இறங்கி, அப்புறம் நாலு நாளைக்கு நாவற்பழம் தின்ற பிள்ளை மாதிரி திரிய வேண்டும். அதனால்தான், “உங்க ஜப்பான் வண்டி விடிஞ்சும் விடியாம அவிநாசி ரோட்டு பங்க்ல நின்னுதுங்ண்ணா, அந்தத் தம்பி ஃபுல் டேங்க் அடிச்சுட்டு இருந்தாரு, முன் சீட்டுல பாப்பா தொப்பியெல்லாம் போட்டு உக்காந்திருந்துச்சு, மெட்ராசுக்குங்களான்னேன், ஆமாங்கன்னாரு” என்று சுகுமார் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தட்டிக்கொண்டே சொன்னபோது நாச்சிமுத்துவால் ‘ம்’ என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அந்த ‘ம்’முக்குள் என்னென்ன இருந்தது என்று சுகுமாருக்குத் தெரியாது. அவன் பாட்டுக்கு அடுத்த நாற்காலிக்காரரின் பிடரியில் மெஷினை ஓட்டப் போய்விட்டான். நாச்சிமுத்து கண்ணாடியைப் பார்த்தார். தலை முழுக்கக் கறுப்புக் குழம்பு, கழுத்துவரை வெள்ளைத் துணி, நடுவே முழித்துக்கொண்டிருக்கும் இரண்டு கண். சாயங்காலம் என்றுதானே சொன்னான். சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, ராத்திரி வெயில் இல்லாமல் போகிறேன் என்றுதானே வண்டிக்காரன் மணிபாரதி சொன்னான். அதை நம்பித்தானே டேங்க்கில் ஊற்ற வேண்டியதை எடுத்து கம்ப்ரஸருக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, நிம்மதியாக டை அடிக்க வந்தார். இப்போது எண்ணெய் கணபதியில் அவர் பட்டறையில் இருக்கிறது, வண்டி எங்கேயோ சேலம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

எண்ணெய் என்றால் பெரிய அமிர்தம் ஒன்றும் இல்லை. மொபெட்டுக்குப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவார்களே, அதே டூ-டி ஆயில், எந்த பங்க்கிலும் கிடைக்கும். அந்த ஜப்பான் காருக்கு அது இல்லாமல் ஆகாது. மற்ற வண்டிகளைப் போல அதில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்காது, முக்கோணமாக ஒரு ரோட்டார் கூட்டுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும், மூன்று முனையிலும் மெல்லிசாக ஒரு பட்டை, சீல் என்பார்கள், அது கூட்டின் சுவரில் உரசிக்கொண்டே ஓடும். உரசுகிற இடத்தில் எண்ணெய்ப் பசை வேண்டுமா இல்லையா? உள்ளங்கையை உள்ளங்கையோடு தேய்த்தாலே சுடுகிறது. இந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவதற்கென்றே ஜப்பான்காரன் ஒரு குட்டி பம்ப் வைத்திருந்தான், அந்தப் பம்ப், பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டரின் பேச்சைக் கேட்டு வேலை செய்யும். கம்ப்யூட்டரைக் கழற்றி எறிந்து கார்புரேட்டர் வைத்ததும் பம்ப்புக்கு உத்தரவு போட ஆளில்லாமல் போயிற்று. சும்மா கிடக்கிற பம்ப் எதற்கு என்று அதையும் கழற்றி, ஓட்டைக்குத் தகடு வெட்டி மூடி, நாலு போல்ட் போட்டு முடுக்கியது யார், இந்தக் கைதான். துணிக்கு அடியில் நாச்சிமுத்துவின் வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டது. மூடியதில் தப்பில்லை, உலகம் பூராவும் அப்படித்தான் செய்கிறார்கள். செய்துவிட்டு, ‘தம்பி, இனிமே பெட்ரோல் போடறப்பல்லாம் கூட இந்த ஆயிலையும் ஊத்தோணும், மறந்தா இஞ்சின் போயிரும்’ என்று வண்டிக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் சொல்லவில்லை.

மறந்துவிட்டார் என்றால்கூட மன்னித்துவிடலாம். மனுஷன் மறக்கிறவன்தான். மறக்கவில்லை, அதுதான் சிக்கல். ஆதியிலிருந்தே இது கோணலாகப் போன சோலி. வண்டி வந்தபோது என்ன சீக்கு? சூடானால் திக்கும், சில சமயம் நின்றுபோகும், அவ்வளவுதான். ஸ்கேனர் வைத்திருக்கிற ஜெகதீசன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா, எங்கியோ வயர் அந்துருக்கும், ரெண்டு நாள் குடுங்க, தேடிப் புடிச்சுர்றேன்” என்றான். அவனிடமா கொடுப்பது? நாச்சிமுத்து கார்புரேட்டரில் கை வைத்தால் கல்லும் மூச்சு விடும் என்று பேர் வாங்கின ஆளு, நேற்று முளைத்த பயல் லேப்டாப்பைத் தட்டி வண்டியைச் சரிபண்ணிக் கொடுக்க, இவர் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதா? இன்ஜெக்‌ஷன் என்றாலே அவருக்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று முடிவெடுக்கிறது, அதைத் திருகவும் முடியாது, ஊதவும் முடியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். “கம்ப்யூட்டர் செத்துப்போச்சுங்க தம்பி, இனி அதுக்குப் பொருளு ஜப்பான்லயே கிடைக்காது, கார்புரேட்டருக்கு மாத்தீருவோம், அப்புறம் பாருங்க, பெட்ரோல ஊத்துங்க, சாவியப் போடுங்க, போய்க்கிட்டே இருங்க, ஒரு தொல்லையும் இல்ல” என்று மணிபாரதியிடம் அடித்துச் சொன்னார். பெட்ரோல ஊத்துங்க, போய்க்கிட்டே இருங்க. அந்த வாக்கியத்தில்தான் அவர் மாட்டிக்கொண்டது.

வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது, அது நிஜம், அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது. ஆவாரம்பாளையத்தில் லேத்துக்காரனோடு மல்லுக்கட்டி, கார்புரேட்டரை உட்கார வைக்கிற மேனிஃபோல்டு கடைந்து வாங்கினார். இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் அழுத்தத்தைக் கார்புரேட்டர் தாங்காது, ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழிந்து தீப்பிடித்துவிடும் என்று அந்தப் பெட்ரோல் பம்ப்பையே மாற்றினார். பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, கடைசியில் அது ஒரு பனிக்காலக் காலையில் முதல் திருகிலேயே பிடித்து நின்றபோது, அந்த ரோட்டாரின் ரீங்காரம் தகரக் கூரையை அதிர வைத்தபோது, ஐம்பத்தெட்டு வயசு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொல்லிச் சமாளித்தார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். வண்டியை எடுக்க மணிபாரதி சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான், எல்லாம் மில்லுக்கார வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு கண்ணாடி, ஆளுக்கொரு வாசனை. பானெட்டைத் திறந்து காட்டினார். அதில் ஒருத்தன், குறுந்தாடி வைத்தவன், குனிந்து பார்த்து, “ஏண்டா மணி, ஜப்பான் ராக்கெட்டக் கொண்டாந்து கடசீல மொபெட் ஆக்கிப்புட்டீங்களாடா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மணிபாரதியும் சிரித்தான், ஆனால் அவன் காது சிவந்தது, நாச்சிமுத்து பார்த்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் போய், ‘ஆமாங்க, மொபெட்டுக்கு ஊத்தற ஆயிலத்தான் இதுக்கும் ஊத்தோணும்’ என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கலாம். முதல் டேங்க்கில் அவரே கலந்து வைத்திருந்தார், அது தீர்வதற்குள் சொல்லிவிட்டால் போச்சு. தலையில் டை காய ஆரம்பித்து உச்சியில் பிடித்து இழுத்தது. சுகுமார் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

நாளைக்கு நாளைக்கு என்று போனது எப்படி என்று நினைத்தால் அவருக்கே கூசுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், அவர் மறைத்தது எண்ணெயைப் பெட்ரோலில். பதினைந்து நாளைக்கு ஒருதரம் போன் போட்டு, “தம்பி, ஜெட்டு ஒருக்கா பாக்கோணும், கொண்டாங்க” என்பார். ஜெட்டுக்கு ஒன்றும் இருக்காது. மணிபாரதி டீ குடிக்க அக்கட்டால போனதும் டேங்க் மூடியைத் திறந்து கடகடவென்று ஊற்றிவிட்டு, டேங்க் வாயைத் துடைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார். மருந்து குடிக்காத பிள்ளைக்குச் சோற்றில் கலந்து கொடுப்பதுபோல. பிள்ளைக்குக் கொடுத்தால் பிள்ளை பிழைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை, ஆயிலும் அவர் காசு. இதில் என்ன பாவம்? ஆனால் அந்தப் பையன் சும்மா இருக்க மாட்டேனென்கிறானே. “எந்த மெக்கானிக்குங்ண்ணா வேலை முடிஞ்சப்புறமும் இப்பிடிக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்கறாங்க” என்று கண்ணை விரித்துச் சொல்கிறான். போனில் அவர் நம்பரை டாக்டர் என்று பதிந்து வைத்திருக்கிறானாம், காட்டினான். பொங்கலுக்கு அவருக்குப் புது வேட்டி சட்டை வாங்கிக்கொண்டு வந்து, மகளை அவர் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, இனியா என்று பேர், குனிந்து தொட்டுவிட்டு, “தாத்தா, உங்க கால்ல பெட்ரோல் வாசம் அடிக்குது” என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் ஆயில் வாசம் என்று சொல்லிவிட்டதோ என்று ஒரு கணம் பகீரென்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி அந்த வேட்டியை அவர் கட்டிப் பார்க்கவில்லை, பீரோவில் வைத்துவிட்டார், வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

சரி, இப்போது என்ன. சட்டை ஆணியில் தொங்குகிறது, சட்டைப் பையில் போன், கண்ணாடியில் பார்த்தால் அதன் சதுரம்கூடத் தெரிகிறது. சுகுமாரைப் பார்த்துக் கையைக் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவான். டை கெடுமே. கெட்டால் என்ன, இவர் என்ன மாப்பிள்ளையா? அது இல்லை, வண்டி ஓட்டுகிறவனுக்குப் போன் போடக் கூடாது, ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாகப் போய் எங்காவது விட்டுவிட்டால்? ஆமாம், அதுதான் நியாயம், அவனாக எங்காவது நிறுத்துவான், நிறுத்தினால் அவனே கூப்பிடுவான். நியாயம் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது பார், தேடவே வேண்டாம், கைக்கெட்டுகிற தூரத்தில் காய்த்துத் தொங்குகிறது. டேங்க்கில் பழைய கலவை கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும் இல்லையா? இருக்கும். இருக்காது. கடைசியாக ஊற்றியது எப்போது? போன தரம் கூப்பிட்டபோது அவன் கம்பெனி வேலையாக பம்ப்செட் எக்ஸிபிஷன் என்று ராஜ்கோட் போய்விட்டான், அதற்கு முந்தின தரம் இவர் முட்டி வலி என்று திருப்பூரில் மகள் வீட்டில் படுத்திருந்தார். அப்படியானால் அவ்வளவு நாளாக வெறும் பெட்ரோல். வெறும் பெட்ரோலில் அந்த மெல்லிசுப் பட்டைகள் சுவரோடு சுவராக… வேண்டாம். போன வாரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தவன் வண்டியை விட்டு நகராமல் பேசிவிட்டுப் போனான், ஊற்ற வழியில்லை. கிளம்பும்போது கேட்டாரே. செல்ஃப் அடித்ததும் சட்டென்று பிடிக்காமல் ஒரு இழு இழுத்ததே. அந்தச் சத்தத்தைக் காது கேட்டது, மனசு கேட்கவில்லை என்று சொல்லிவிட்டது. “பேட்டரி டவுனுங்க தம்பி” என்றார். பேட்டரிக்கு என்ன கேடு, புத்தம் புதுசு. எப்போதோ ஒரு ரோட்டரி இன்ஜினைப் பிரித்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறார், எண்ணெய் காணாமல் ஓடினது, கூட்டின் உள்சுவரெல்லாம் பூனை பிறாண்டினாற்போல் கோடு கோடாக. அதை விரலால் தடவிப் பார்த்தது இப்போது விரல் நுனியில் அப்படியே இருக்கிறது. துணிக்குள் விரலை மடக்கிக்கொண்டார்.

“லாரிலயே போலாங்க, வண்டிய ஏத்திட்டுப் போயி எறக்கிக்கலாம்” என்று மணிபாரதியின் மனைவி அன்றைக்குச் சொன்னாள், அவள் சொன்னதுதான் புத்தி. மெட்ராஸ் ரேஸ் டிராக்கில் பழைய வண்டிகளுக்கென்று ஒரு ஓட்டம், அதில் மணிபாரதி பேர் கொடுத்திருக்கிறான், காலேஜ் நாளிலிருந்து அவனுக்கு அது ஒரு பித்து. அங்கே வரைக்கும் லாரியில் கொண்டுபோயிருக்கலாம். இவர்தான் நெஞ்சை நிமிர்த்தினார். “நாச்சிமுத்து கட்டுன வண்டி லாரில போறதாங்க? ஓட்டிட்டே போங்க. ரொம்ப மிதிக்காம மட்டும் போங்க.” ரொம்ப மிதிக்காதீங்க என்பது அவர் எல்லாருக்கும் சொல்வது, மொபெட்காரனுக்கும் சொல்வார். வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் இந்த ஆளை. இப்போது அவன் எங்கே இருப்பான்? பெருந்துறை தாண்டியிருப்பான், பவானியும் தாண்டியிருப்பான். லாரியை முந்த வலது பக்கம் ஏறுகிறான், முன்னால் டேங்கர், பின்னால் ஆம்னி பஸ் ஒளியடித்துக்கொண்டு வருகிறது, அந்த நேரம் பார்த்து இன்ஜின் அப்படியே மூச்சை விட்டுவிட்டால்? மிதிக்கிறான், போகவில்லை, மறுபடி மிதிக்கிறான், பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், முன் சீட்டில் தொப்பி போட்ட பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. இன்ஜினைப் பற்றி இவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்தோமே, பிள்ளையை நினைக்கவில்லையே. இரும்பு போனால் போகிறது. முருகா, அந்தப் பிள்ளை நல்லபடியாகப் போய்ச் சேரட்டும், எல்லாத்தையும் சொல்லிவிடுகிறேன், மொபெட் ஆயில் என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன், அந்தக் குறுந்தாடிக்காரன் ஊர் பூராவும் சொல்லிச் சிரிக்கட்டும், ஜெகதீசன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், மருதமலைக்குப் படியேறி மொட்டை போடுகிறேன். மொட்டை போடப் போகிறவனுக்கு டை எதற்கு என்று குறுக்கே ஒரு நினைப்பு வந்து சிரித்தது, அந்த நேரத்திலும் வந்தது, மனசு என்பது அப்படிப்பட்ட கழுதை. கையைத் துணிக்குள்ளிருந்து உருவி, “சுகுமாரு, அந்தப் போன எடு” என்றார். “ஐயோ, மீசைங்ண்ணா!” என்றான் அவன். “மீசையத் தூக்கிக் குப்பைல போடு, எடுரா” என்று அவர் போட்ட சத்தத்தில் பிடரி மழிக்கக் கொடுத்திருந்தவரே திரும்பிப் பார்த்தார்.

மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார், மறுபடியும் ஓய்ந்தது. எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பான், அதனால் எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தால் பிள்ளையாவது எடுக்குமே, போனில் விளையாடுகிற பிள்ளைதானே அது. பிள்ளை ஏன் எடுக்கவில்லை? டிவியில் யாரோ சமையல் பண்ணிக்கொண்டிருந்தார்கள், எண்ணெய் சூடானதும் கடுகைப் போடுங்கள் என்றாள் அந்தம்மாள். இடது காதோரம் கறுப்புத் தண்ணீர் இறங்கிக் கழுத்துக்குள் போயிற்று, துடைக்கத் தோன்றவில்லை. போலீஸ்காரன் யாராவது எடுத்து, ‘இந்தப் போனுக்குச் சொந்தக்காரர் உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தப் போனில் நான் டாக்டருங்க என்றா? மூன்றாம் தரம் போட விரலை வைத்தபோது அதுவே அடித்தது. மணிபாரதி. எடுத்துக் காதில் வைத்தார், டை எல்லாம் போனில் அப்பிக்கொண்டது.

“ண்ணா, நானே கூப்புடலாம்னு இருந்தனுங்ண்ணா. போன வண்டிலயே வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டோம்.” “பாப்பா? பாப்பா எங்கீங்க தம்பி?” “பாப்பா இங்கதானுங்க, பன் தின்னுட்டு உக்காந்திருக்கா. சங்ககிரிப் பக்கம் ஒரு பேக்கரிங்ண்ணா.” நாச்சிமுத்துவின் முதுகு நாற்காலியில் அப்படியே சரிந்தது. இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, பன் தின்கிறது. முருகா என்றார், வெளியே கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, இந்த உலகத்தில் இனி எதற்கும் பயமில்லை என்பதுபோல உடம்பெல்லாம் லேசாயிற்று. “வண்டிதானுங்ண்ணா ஸ்டார்ட் ஆக மாட்டீங்குது. டீ குடிக்க நிறுத்துற வரைக்கும் ஓடுச்சுங்க, கொஞ்சம் இழுவை கம்மியா இருந்துச்சு. இப்ப செல்ஃப் அடிச்சா சுத்துதுங்க, ஆனா முன்ன மாதிரி கணகணன்னு சுத்தல, வழுக்கீட்டு சர்ர்ருன்னு சுத்துது, புடிக்க மாட்டீங்குது.” சூட்டில் பிடிக்காது. வழுக்கிக்கொண்டு சுற்றும். சீல் போயிற்று. உள்ளே கோடு கோடாகப் பூனை பிறாண்டியாயிற்று. அதைத் தெரிந்துகொள்ள அவர் சங்ககிரி போக வேண்டியதில்லை, இங்கேயே, இந்த நாற்காலியிலேயே தெரிந்தது. இப்போது சொல்ல வேண்டியதுதான். பிள்ளை பிழைத்துவிட்டது, சத்தியம் பண்ணியாயிற்று, சொல்லிவிடு. தம்பி, ஒரு விஷயம் உங்ககிட்டச் சொல்லாம உட்டுட்டேன். இவ்வளவுதானே, பத்து வார்த்தைகூட இல்லை. சொல்லு. “தம்பி…” என்று ஆரம்பித்தார்.

“என் தப்புத்தானுங்ண்ணா” என்றான் மணிபாரதி. “மிதிக்காதீங்கன்னு நீங்க அத்தன தடவை சொன்னீங்க. பவானி தாண்டி ரோடு காலியா இருந்துச்சு, ஒரு ஆசையில மிதிச்சுட்டேனுங்க. அவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டிக் குடுத்தீங்க, ஒரே நாள்ல கெடுத்துட்டேன். ரேஸ் போனாப் போகுதுங்ண்ணா, உங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறதுன்னுதான் தெரியல.” அங்கே தப்பித்துக்கொள்ள ஒரு கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை, விளக்குகூட ஏற்றி வைத்திருந்தார்கள், நுழைய வேண்டியதுதான் பாக்கி. நாச்சிமுத்து நுழைவதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டார், அது மட்டும்தான் அவர் பண்ணின தாமதம். அப்புறம் அவர் குரல் வந்தது, அவருக்கே நன்றாகப் பழக்கமான ஒர்க்‌ஷாப் குரல். “அதத்தானுங்க தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ரோட்டரி இஞ்சின்னா கொளந்த மாதிரிங்க. அத இந்த மிதி மிதிச்சா எப்பிடித் தாங்கும்?” “தப்புத்தானுங்ண்ணா, மன்னிச்சுக்கங்க.” “சரி, உடுங்க. லாரி ஒன்னு ஏற்பாடு பண்ணீட்டு நானே வர்றேன். வேற ஒருத்தனையும் பானெட்டத் தொறக்க உடாதீங்க.” கடைசி வாக்கியம் எவ்வளவு அக்கறையாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சுகுமார் அவரை மரியாதையோடு பார்த்தான். மறுமுனையில் ஏதோ கசமுசவென்று கேட்டது, மணிபாரதி யாரையோ அதட்டினான், அப்புறம் போன் கை மாறியது. பன்னை விழுங்காத வாயோடு பிள்ளையின் குரல், அழுதிருக்கும்போல. “தாத்தா, அப்பாவத் திட்டாதீங்க. நாந்தான் வேகமா போலாம்னு சொன்னேன். என்னாலதான் தாத்தா காரு கெட்டுப்போச்சு.”

“பரவால்ல சாமி” என்றார் நாச்சிமுத்து. “இனிமே அப்பிடிச் சொல்லக் கூடாது, சரியா?”

“சரிங்க தாத்தா” என்றது பிள்ளை.